தெலுங்குப் படமும் நாமும்

“தெலுங்குப் படமா? மடுல்கெல்லவிலா?” என்று நம்மை வியந்து வினவாத நண்பர் எவரும் இலர். அவர்தம் வியப்பில் தவறில்லை. கண்டி மாநகரிலிருந்து வத்தேகம வழியாகப் பன்வில சென்று, அங்கிருந்து வளைந்து வளைந்து மேலேறும் பாதையில் பேருந்து வந்து நிற்கும் சிற்றூர் நமது மடுல்கெல்ல. ஒருபுறம் தேயிலைச் சரிவுகள். மறுபுறம் தும்பர மலைகள் என்றும் வழங்கும் நக்கிள்ஸ் மலைத்தொடர். பிற்பகலில் பனிமூட்டம் இறங்கிவிட்டால் எதிர்வீட்டு விளக்கும் கண்ணுக்குப் புலனாகாது. தமிழும் சிங்களமும் ஒலிக்கும் இம்மலைச்சாரலில் அமர்ந்துகொண்டு, கடல் கடந்த கோதாவரிக் கரையின் மொழியில் வெளிவரும் படங்களைப் பார்த்துக் குறிப்பெழுதுவானேன் என்பதே நண்பர்களின் கேள்வி.

நமக்கு இது தொழில் அன்று. பகலெல்லாம் பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லிக்கொடுத்த களைப்புத் தீர, இரவில் விளக்கடியில் அமர்ந்து செய்த பொழுதுபோக்கே. ஒருவருக்குத் தபால் முத்திரை, இன்னொருவருக்குப் பூந்தோட்டம். நமக்குத் தெலுங்குப் படம். பார்த்த படம் ஒவ்வொன்றுக்கும் ஒரு குறிப்பு எனப் பதினொரு கொப்பிகள் நிறைந்துள்ளன. அவற்றுட் சில பத்திரிகைகளில் அச்சேறின. பெரும்பாலானவை நண்பர்களிடையே கைமாறியதோடு சரி. அண்மையில் ஒரு நீண்ட விடுமுறையின்போது அக்கொப்பிகளை எடுத்து முதலிலிருந்து படித்துப் பார்த்தோம். பெருமிதம் சிறிதே உண்டாயிற்று, வெட்கமோ பெரிதாயிற்று. அவ்வெட்கத்தின் காரணத்தைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரே தொட்டிலில் இருவர்

தெலுங்குப் படத்தின்மீது நமக்கு நாட்டம் பிறந்தது தற்செயலாக அன்று. தென்னிந்தியச் சினிமாவின் வரலாற்றைப் புரட்டுவோர் யாவரும் முதற் பக்கத்திலேயே ஒரு விந்தையைக் காண்பர். 1931ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆந் தேதி வெளியான ‘காளிதாஸ்’ என்பதே தமிழின் முதற் பேசும் படமென்று போற்றப்படுகிறது. ஆனால் அப்படத்தில் கதாநாயகி டி.பி. ராஜலக்ஷ்மி தமிழிற் பேச, கதாநாயகனோ தெலுங்கிற் பேசினார்! இயக்கியவரும் எச்.எம். ரெட்டி என்ற தெலுங்கரே. தமிழ்த் திரை வாய் திறந்த முதல் நாளிலேயே அதனருகில் தெலுங்கு நின்றுகொண்டிருந்தது என்பது பொருள்.

அதே எச்.எம். ரெட்டி இயக்கிய ‘பக்த பிரகலாதா’ தெலுங்கின் முதற் பேசும் படம். அது 1931 செப்டெம்பரில் வெளியானது என்றே நெடுங்காலம் எழுதி வந்தனர்; ஆண்டுதோறும் அந்நாளைக் கொண்டாடியும் வந்தனர். ரெண்டால ஜயதேவா என்னும் பத்திரிகையாளர் பழைய ஏடுகளைத் தேடிப் புரட்டி, அது வெளியான நாள் 1932 பெப்ரவரி 6 என்று நிறுவினார். எல்லாரும் சொல்வதாலேயே ஒரு செய்தி உண்மையாகிவிடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமோ? இவ்வுதாரணத்தை நாம் முன்னரே அறிந்திருந்தால், பின்னர் சொல்லப்போகும் பிழை நம்மால் நேர்ந்திராது.

1950களுக்கு வருவோம். அக்காலத்தில் சென்னையில் வாகினி, விஜயா போன்ற நிறுவனங்கள் ஒரே கதையைத் தெலுங்கிலும் தமிழிலும் எடுத்து வெளியிட்டன. 1951இல் ‘பாதாள பைரவி’, 1953இல் ‘தேவதாஸ்’, 1955இல் ‘மிஸ்ஸியம்மா’, 1957இல் ‘மாயா பஜார்’. இவற்றை நம் பெற்றோர் தமிழ்ப் படங்கள் என்றே பார்த்துக் களித்தனர். அவற்றின் மறுபாதி தெலுங்கில் உலவியதை அவர்களுட் பலர் அறியார். அந்நாளில் இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்புத் தெலுங்குப் பாடல்களுக்கும் நேரம் ஒதுக்கியது. அதன் அறிவிப்பாளர் மீனாட்சி பொன்னுத்துரையின் குரலை ஆந்திர நாட்டு மூத்த நேயர்கள் நன்றியோடு நினைவுகூர்வர். கடலுக்கப்பால் இருந்தோர் தம் மொழிப் பாடலைக் கேட்பதற்கு நம் தீவின் அலைவரிசையைத் திருப்பினர் என்பது நமக்கெல்லாம் பெருமை தரும் செய்தியன்றோ?

நிற்க. 1972இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டதும் படங்களை இறக்குமதி செய்வது அதன் பொறுப்பாயிற்று. இந்தியப் படங்களின் வரவு குறைந்தது. 1983ஆம் ஆண்டு ஆடிக் கலவரத்தில் படமாளிகைகள் பல எரியுண்டன. ஹெந்தளையிலிருந்த விஜயா கலையகமும் தீக்கிரையாயிற்று. அதன்பின் வந்தது வீடியோ நாடாக்களின் காலம். கண்டி நகரக் கடைகளில் நாடாக்களை வாடகைக்கு எடுத்து வருவோம். தோட்டத்தில் எவரேனும் ‘டெக்’கும் ரி.வி.யும் அமர்த்தினால், லயத்து இஸ்தோப்பில் விடிய விடியப் படம் ஓடும். அந்நாடாக் குவியலில்தான் மொழிமாற்றம் செய்யப்படாத தெலுங்குப் படங்கள் நமக்கு முதன்முதலாகக் கிட்டின. தமிழ்ப் படம் தீர்ந்துபோன நாளில் கடைக்காரர் அவற்றை நம் கையில் திணிப்பார். வேண்டாவெறுப்பாய் எடுத்து வந்தவற்றை விருப்போடு பார்த்தோம். பார்த்தவற்றைப் பற்றி எழுதவும் தலைப்பட்டோம்.

நாம் செய்த பிழை

அந்நாளில் நமக்குத் தெலுங்கில் ஒரு சொல்லும் தெரியாது. ஆயினும் எழுதுவதற்குத் தயங்கினோமில்லை. கண்ணால் கண்டது போதும் என்று கருதினோம். சண்டைக் காட்சி நீளம், கதாநாயகனின் சட்டை நிறம் பொருத்தமில்லை, அழுகை அதிகம் என்று மதிப்பெண் இடுவதுபோல் எழுதுவோம். நையாண்டி செய்தால் வாசகர் நகைப்பர் என்பதையும் விரைவில் கண்டுகொண்டோம். நகைச்சுவை கைவந்துவிட்ட எழுத்தாளனுக்கு வேறு பகை வேண்டியதில்லை.

1980களின் பிற்பகுதியில் ஒரு குடும்பப் படத்தைப் பற்றி எழுதினோம். அதிலே ஒரு தாய் தன் சிறு மகனை வாய்க்கு வாய் “நான்னா, நான்னா” என்று அழைப்பாள். நம் நாட்டில் முஸ்லிம் சகோதரர்கள் தமையனை ‘நானா’ என்று அழைப்பது யாவரும் அறிந்ததே. அதை மனத்திற்கொண்டு, “பெற்ற பிள்ளையை ‘நானா’ என்றழைக்கும் தாயை இப்படத்தில்தான் கண்டோம், அடுத்த படத்தில் மகன் தாயை ‘தங்கச்சி’ என்றழைப்பான் போலும்” என்று எழுதிவிட்டோம். கட்டுரை ஒரு பத்திரிகையில் வெளியாயிற்று. நண்பர்கள் வாய்விட்டுச் சிரித்தனர். நாமும் மகிழ்ந்தோம்.

ஒரு வாரஞ் சென்றிருக்கும். மாலையில் பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் ஒரு மூதாட்டி நம்மை மறித்து நின்றார். கொழுந்து பறித்துப் பறித்துக் காய்ப்பேறிய விரல்கள். தலையில் முக்காடிட்ட பழஞ் சேலை. அவருடைய பேரன் நம்மிடம் படிக்கும் மாணவன்.

“மாஸ்டர், பேப்பர்ல அந்தப் படத்தப் பத்தி எழுதுனது நீங்கதானா?” என்றார்.

“ஆமாம், பாட்டி. நீங்கள் படித்தீர்களா?” என்றோம், பாராட்டை எதிர்பார்த்து.

“எனக்கேது படிப்பு? பேரன் படிச்சுக் காட்டுனான். லயமே சிரிச்சுச்சு. நான்னான்னா எங்க பேச்சுல அப்பான்னு அர்த்தம், மாஸ்டர். பெத்த புள்ளைய ‘என் அப்பா, என் ராசா’ன்னு நீங்க கொஞ்சுறதில்லையா? அப்புறம் அதுல என்னத்தக் கண்டு சிரிச்சீங்க?”

நமக்கு விடை எழவில்லை. மூதாட்டி கோபிக்கவுமில்லை. மெல்லிய குரலில் மேலுஞ் சொன்னார்: “இந்தப் பேச்ச நாங்க கதவச் சாத்திக்கிட்டுத்தான் பேசுவோம். வெளிய பேசுனா சிரிப்பாங்கன்னு எங்க ஆத்தா சொல்லும். படிச்சவங்க சிரிக்க மாட்டாங்கன்னு நெனச்சேன்.”

அன்றிரவு பனி இறங்கியது தெரியாமல் வெளியிலேயே நெடுநேரம் அமர்ந்திருந்தோம். எங்கோ தொலைவில் இருக்கும் மொழி, அதை நையாண்டி செய்தால் கேட்பார் இல்லை என்று எண்ணியிருந்தோம். அம்மொழி நாம் நாள்தோறும் நடந்துபோகும் லயத்தில், நம் மாணவன் வீட்டு அடுப்பங்கரையில் இருந்தது. மறுநாளே திருத்தம் ஒன்று எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பினோம். நையாண்டிக்குக் கிடைத்த இடம் திருத்தத்துக்குக் கிடைக்கவில்லை.

அந்நியமா, அண்டை வீடா?

ஆழ்ந்து நோக்கின் நமது பிழை ஒரு சொல்லைப் பற்றியதன்று. தெலுங்கு நமக்கு அந்நியம் என்று கொண்டதே அடிப்படைப் பிழை. கண்டி நகரில் தலதா மாளிகையின் எண்கோண மண்டபத்தையும், அதன் எதிரே விரிந்து கிடக்கும் ஏரியையும் பாராதவர் உண்டோ? அவ்விரண்டையும் அமைப்பித்தவன் கண்டியின் கடைசி மன்னனான ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். கண்ணுசாமி என்பது இயற்பெயர். 1739 முதல் 1815 வரை கண்டியில் முடிசூடிய நால்வரும் நாயக்க மரபினர். தெலுங்கு வழி வந்தோர். வீடியோ நாடா வாங்குவதற்காக ஏரிக்கரையில் எத்தனையோ முறை நடந்த நமக்கு, அந்த ஏரிக்கும் கையிலிருந்த நாடாவுக்கும் உள்ள உறவு ஒருநாளும் தோன்றவில்லை!

மன்னர் மட்டுமா? தோட்டங்களுக்குக் கூலிகளாய்க் கொண்டுவரப்பட்ட மக்களுட் பெரும்பாலோர் தமிழர். அவர்களோடு தெலுங்கை வீட்டுமொழியாகக் கொண்ட குடும்பங்களும் வந்தன. வெளியில் தமிழ், வீட்டுக்குள் தெலுங்கு என்று தலைமுறை தலைமுறையாய் வாழ்ந்தன. அம்பாறை மாவட்டத்து அளிக்கம்பையிலும், அநுராதபுர மாவட்டத்துச் சில கிராமங்களிலும் வாழும் குறவர் சமூகத்தார், தெலுங்கின் ஒரு கிளைமொழியை இலங்கை மண்ணிலேயே பேசி வருகின்றனர். தமிழிசை மேடையை நோக்கினால், தியாகராஜ சுவாமிகள் காவிரிக் கரையில், திருவையாற்றில் இருந்துகொண்டே தெலுங்கிற் கீர்த்தனை செய்தார். மேடையிற் கேட்கும்போது தெய்வமொழியென்று கைகூப்பும் நாம், அதே மொழி லயத்திலிருந்து கேட்டால் நகைப்பதேன்? மொழியிலா வேற்றுமை? பேசுவோர் நிலையில் அன்றோ!

கற்றுக்கொண்டவை

மூதாட்டியிடமே சென்று மன்னிப்புக் கேட்டோம். மொழியைக் கற்றுத்தரவும் வேண்டினோம். “எனக்கென்ன தெரியும்?” என்று முதலில் மறுத்தார். பின்னர் ஞாயிறுதோறும் தேநீர்க் கோப்பையோடு பாடம் நடந்தது. அவரை நாமும் பேரனைப் போலவே ‘அவ்வா’ என்றழைக்கலானோம். ‘நீள்ளு’ என்றால் தண்ணீர். ‘இல்லு’ என்றால் வீடு. ‘ரா’ என்றால் வா, ‘ரண்டி’ என்றால் வாருங்கள். கண்டிக் கடையொன்றில் கிடைத்த சிறு அரிச்சுவடியைக் கொண்டு எழுத்தையும் கூட்டிப் படித்தோம். பாடஞ் சொல்லி முதிர்ந்தபின் பாடங் கேட்பது நல்ல மருந்து. அகந்தைக்கு அதனினும் சிறந்தது வேறில்லை.

ஒருநாள் ‘மாயா பஜார்’ படத்தின் தெலுங்கு நாடாவை அவ்வாவுக்குப் போட்டுக் காட்டினோம். சிறிது நேரம் உற்றுக் கேட்டுவிட்டு, “எங்க பேச்சு மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு” என்றார். பல தலைமுறைக்கு முன் பிரிந்து வந்த பேச்சு வேறு. ஏடறிந்தோர் எழுதிய வசனம் வேறு. ஆயினும் எஸ்.வி. ரங்கா ராவ் கடோற்கசனாய் அமர்ந்து கலியாண விருந்து முழுவதையும் தாமே உண்டு தீர்க்கும் காட்சி வந்ததும், அவ்வா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கண்ணில் நீர்வரச் சிரித்தார். மார்க்கஸ் பார்ட்லியின் ஒளிப்பதிவில் இலட்டுகள் தாமாகவே பறந்து வாயிற் புகும் அதிசயத்துக்கு மொழியெதற்கு?

அப்படத்தின் வசனத்தையும் பாடலையும் எழுதியவர் பிங்களி நாகேந்திர ராவ். அவர் அரக்கர் வாயில் புதுப்புதுச் சொற்களைப் படைத்து வைத்தார். ‘அஸ்மதீயர்’ என்னும் வடசொல் நம்மவரைக் குறிக்கும். அதை ‘அசமதீயுலு’ என்று திரித்து, அதற்கு இணையாக நம்மவரல்லாதாரைக் குறிக்கத் ‘தசமதீயுலு’ என்றொரு சொல்லையும் புனைந்தார். இப்படியொரு சொல் உண்டா என்று கேட்பவரிடம், எவரும் படைக்காமல் சொற்கள் எவ்வாறு பிறக்கும் என்ற கருத்திலே கடோற்கசன் மறுமொழி கூறுவான். தெலுங்கர் அச்சொற்களை இன்றும் வேடிக்கையாக வழங்குகின்றனர். இந்நயமெல்லாம் மொழியறியாத காலத்தில் நம் கொப்பியில் எவ்வாறு பதிவாகியிருந்தது தெரியுமா? “அரக்கர் உளறல் மிகுதி.” அவ்வளவே! நம்மவர், பிறர் என்ற பிரிவை நகைத்த படத்தின் முன்னாலேயே, பிறராய் அமர்ந்திருந்தோம்.

இரு மொழிப் பிரதிகளையும் அடுத்தடுத்துப் பார்ப்பது அதன்பின் நம் வழக்கமாயிற்று. எல்.வி. பிரசாத் இயக்கிய ‘மிஸ்ஸம்மா’வை எடுத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் வேலைக்காக மணமாகாத இருவர் தம்பதியராய் நடிக்கும் கதை. தெலுங்கில் என்.டி. ராமராவ் கதாநாயகன்; தமிழ் ‘மிஸ்ஸியம்மா’வில் ஜெமினி கணேசன். துப்பறியும் பாத்திரத்தில் தெலுங்கில் அக்கினேனி நாகேஸ்வர ராவ், தமிழில் கே.ஏ. தங்கவேலு. கதாநாயகி இரண்டிலும் சாவித்திரியே. பாடல்களைத் தெலுங்கிற் பிங்களியும், தமிழில் தஞ்சை இராமையாதாஸும் எழுதினர். கதை ஒன்று, இயக்குநர் ஒருவர். ஆயினும் நடிகர் மாறியதும் நகைச்சுவையின் நடையே மாறிவிடுகிறது. ஒன்றைப் பார்த்துவிட்டு மற்றதைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது, தம்பியைப் பார்த்து அண்ணனுக்கு நற்சான்றுப் பத்திரம் எழுதுவதை ஒக்கும்.

மொழிமாற்றுப் படத்தின் இடர்ப்பாட்டையும் அப்பொழுதே உணர்ந்தோம். தெலுங்குச் சொற்கள் பெரும்பாலும் உயிரோசையில் முடிவன. தமிழில் ‘வந்தான்’, ‘மரம்’ என்று மெய்யில் முடிவன பல. திரையில் வாய் திறந்தபடி முடிகையில் தமிழ்க்குரல் உதட்டை மூடும் ‘ம்’ என்ற ஒலியில் முடிந்தால், பார்ப்போர் கண்ணும் காதும் சண்டையிடும். எனவே வசனகர்த்தா பொருளையும் காத்து, உதட்டசைவையும் காத்து எழுத வேண்டியவராகிறார். அத்தகைய படத்தில் வசனம் சற்றே செயற்கையாய் ஒலிப்பின், பழி மூலப் படத்தைச் சேராது. இதை அறியாமல் எத்தனை நல்ல தெலுங்கு எழுத்தாளர்களை நம் கொப்பியில் தூற்றியிருக்கிறோம்!

விமரிசகனைப் பற்றிய ஒரு படம்

விமரிசனத்தின் அறத்தை நமக்குப் போதித்ததும் ஒரு தெலுங்குப் படமே. கே. விசுவநாத் இயக்கி 1983இல் வெளிவந்த ‘சாகர சங்கமம்’, தமிழில் ‘சலங்கை ஒலி’ எனப் பெயர் பெற்றது. அதில் கமல்ஹாசன் ஏற்ற பாத்திரம் பாலகிருஷ்ணன். பெரும் நடனக் கலைஞனாக வேண்டியவன், வாழ்க்கை கைவிட்டதால் பத்திரிகையில் நடன விமரிசனம் எழுதும் குடிகாரனாய் நிற்கிறான். இளம் நர்த்தகி ஒருத்தியின் ஆட்டத்தைக் குறைகூறி எழுதுகிறான். “ஆடத் தெரியாதவன் எழுதலாமா?” என்ற வினா எழுகிறது. அவன் வாதிடவில்லை, எழுந்து ஆடிக் காட்டுகிறான். ஒரே அடிக்குப் பரதத்தில் இப்படி, கதகளியில் இப்படி, கதக்கில் இப்படி என்று வேறுபடுத்திக் காட்டும் அக்காட்சியை மாணவர் யாவரும் ஒருமுறையேனும் பார்க்க வேண்டும். பின்னர் எவளைக் குறைகூறினானோ அவளுக்கே குருவாகித் தன் கலையைத் தந்துவிட்டு உயிர் துறக்கிறான்.

குறை சொல்பவனுக்கு இரண்டு தகுதிகள் வேண்டுமென்று அப்படம் நமக்கு உணர்த்தியது. குறைகூறும் பொருளைத் தான் கற்றிருக்க வேண்டும். கற்றதைக் கொடுக்கவும் ஆயத்தமாயிருக்க வேண்டும். ‘நான்னா’ என்ற சொல்லை எழுதிய அன்று நம்மிடம் இவ்விரண்டில் ஒன்றும் இருந்ததில்லை.

அதே விசுவநாத்தின் ‘சங்கராபரணம்’ 1980இல் வெளியாயிற்று. கதாநாயகனாய் நடித்த ஜே.வி. சோமயாஜுலு திரைக்கு வந்த வேளையில் அரசாங்க வருவாய்த்துறை அதிகாரி. இசையமைத்த கே.வி. மகாதேவன் தமிழர். பாடிய வாணி ஜெயராம் வேலூரிற் பிறந்த தமிழ்ப் பெண்மணி, எஸ்.பி. பாலசுப்பிரமணியம் தெலுங்கர். இம்மூவருக்கும் அப்படம் தேசிய விருது ஈட்டித் தந்தது. தெலுங்கின் தலைசிறந்த இசைப்படத்தில் தமிழ் எத்தனை, தெலுங்கு எத்தனை என்று பிரித்தெடுக்க வல்லார் யார்? 1978இல் கே. பாலசந்தர் இயக்கிய ‘மரோசரித்ரா’வும் அத்தகையதே. விசாகப்பட்டினத்தில் அடுத்தடுத்த வீட்டில் வாழும் தமிழ் வாலிபனும் தெலுங்குப் பெண்ணும் காதலிக்கும் அக்கதை, மொழிமாற்றம் செய்யப்படாமலே சென்னையில் நெடுநாள் ஓடிற்று. காதலரைப் பிரித்தவர் பெற்றோர். படத்தைப் பார்த்த மக்களை எம்மொழியும் பிரிக்கவில்லை.

அன்றும் இன்றும்

காலம் உருண்டது. 2015லும் 2017லும் இராஜமௌலியின் ‘பாகுபலி’ இரு பாகங்களாய் வந்தது. தெலுங்கிலும் தமிழிலும் எடுக்கப்பட்ட அப்படம், 1950களின் விஜயா வழக்கத்தை மீண்டும் நினைவூட்டிற்று. அதிலே காட்டுக்கூட்டத்தார் பேசுவதற்கென்று ‘கிளிக்கி’ என்றொரு புதுமொழியை மதன் கார்க்கி ஆக்கிக் கொடுத்தார். பிங்களியின் கடோற்கசன் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பான். அதே இயக்குநரின் ‘ஆர்.ஆர்.ஆர்.’ 2022இல் வெளிவந்தது. அதன் ‘நாட்டு நாட்டு’ என்ற பாடல் 2023இல் ஒஸ்கார் விருதைப் பெற்றது. சந்திரபோஸ் எழுத, இசையமைத்தவர் கீரவாணி. முன்னாளில் மரகதமணி என்ற பெயரில் தமிழ்ப் படங்களுக்கு இசை தந்தவரே அவர்.

அவ்விருது அறிவிக்கப்பட்ட வாரத்தில் நம் ஊர்ப் பாதையெங்கும் கைபேசிகளில் அப்பாடல் ஒலித்தது. பள்ளிப் பிள்ளைகள் தெலுங்குச் சொற்களை உரக்கப் பாடிக்கொண்டு துள்ளினர், எவரும் நகைக்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு பேசப்பட்ட மொழி, கதவுகளையெல்லாம் திறந்துகொண்டு தெருவுக்கு வந்துவிட்டது. ஆனால் அதைக் கேட்க அவ்வா இல்லை. அவர் மறைந்து ஆண்டுகள் பலவாயின.

அவர் பேரன் இப்பொழுது கண்டியில் தொழில் செய்கிறான். அப்பாடல் பரவிய நாட்களில் தன் மகளோடு நம் வீட்டுக்கு வந்திருந்தான். சிறுமி பாடலை அட்சரம் பிசகாமற் பாடிக் காட்டினாள். “தாத்தா, இது என்ன பாஷை?” என்று நம்மைக் கேட்டாள். நாம் அவள் தந்தையைப் பார்த்தோம். அவன் தலைகுனிந்து, “எனக்கு நாலஞ்சு சொல்லுதான் ஞாபகம் இருக்கு, சேர். இவளுக்கு அதுவும் சொல்லிக் குடுக்கல்ல” என்றான். உலகமே கைதட்டிய மொழி அவ்வீட்டில் முடிந்துபோயிருந்தது. அது முடிவதற்குப் பல காரணங்கள் உண்டு. ‘படித்தவர்’ ஒருவர் அச்சில் நகைத்ததும் அக்காரணங்களுள் ஒன்றாய் இருக்குமோ என்ற ஐயம் நம்மை விட்டு அகலவில்லை.

பதினொரு கொப்பிகளில் ஒன்றை மட்டும் எடுத்து அச்சிறுமியின் கையிற் கொடுத்தோம். அதில் எந்தப் படத்தின் விமரிசனமும் இல்லை. ஞாயிறுதோறும் அவ்வா சொல்லச் சொல்ல நாம் எழுதிவைத்த சொற்கள், இடப்புறம் தெலுங்கு, வலப்புறம் தமிழாக, நானூறுக்கு மேல் உள்ளன. அவள் பூட்டியின் நாவிலிருந்து வந்தவை அவை. நம்மிடம் இரவலாகவே இருந்தன.

படம் பார்க்கும் மாணவச் செல்வங்களுக்கு அனுபவத்தில் மூத்தோன் என்ற உரிமையில் ஒன்று சொல்வோம். நன்றாய்ப் பாருங்கள், நன்றாய் எழுதுங்கள். குறையிருந்தால் அஞ்சாமற் சொல்லுங்கள். ஆனால் விளங்காத இடத்தில் நகைக்குமுன், விளங்கவைப்பார் பக்கத்தில் உண்டா என்று ஒருமுறை சுற்றிப் பாருங்கள். உங்கள் வீட்டு மூத்தோர் கதவைச் சாத்திக்கொண்டு பேசும் சொல் ஏதேனும் இருப்பின், இன்றே ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். நாளை கேட்கலாமென்று விட்டால், கேட்பதற்கு அவர் இரார்.

இனி, பல்லாண்டுகளுக்கு முன் எழுதி அச்சேறாமற்போன திருத்தத்தை இங்கே பதிவு செய்து அமைகிறோம். தெலுங்கில் ‘நான்னா’ என்றால் அப்பா. பெற்ற பிள்ளையை அன்பு மிகுதியால் அவ்வாறு அழைப்பதும் வழக்கு. முன்னர் வேறாக எழுதியது நமது பிழை.